பந்தடிக்காரர் பழகுவதைப் பார்க்கப் போகிறீர்களா? வன்னியிலிருந்து புறப்படுகிறவர்களுக்குச் சில விபரங்கள்

"பயிற்சி முகாம் பாக்கப் போறன்" என்று நான் சொன்னதும் அம்மம்மா கையில் இருந்த சுளகை அப்படியே கீழே வைத்துவிட்டார். "எந்த முகாம்?" என்றார். அவருக்கு முகாம் என்றால் 2009 இல் செட்டிகுளத்தில் இருந்த முள்ளுக்கம்பி வேலிதான். பந்தடிக்காரர், அதாவது உதைபந்தாட்ட வீரர்கள், ஒரு இடத்தில் தங்கிநின்று பழகுவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தப் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு கேட்டார்: "மெச் பாக்கப் போறியோ, பழகிறதைப் பாக்கப் போறியோ?" பழகுவதைத்தான் என்றேன். "அதில என்னத்தைப் பாக்கிறது?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதற்குத்தான் பதில். நான் விசுவமடு. ஊர்க் கழகத்தில் பத்து வருடம் பின்களத்தில் ஓடி, முழங்கால் போன பிறகு கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆள். பெரிய அணிகள் பழகுவதைப் பார்க்க இதுவரை நாலு தடவை போயிருக்கிறேன், அதில் ஒரு தடவை ஒன்றுமே பார்க்காமல் திரும்பியும் வந்திருக்கிறேன். கடைசியாகப் போனபோது அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பதினாலு வயது, பள்ளிக்கூட அணியின் கோல்கீப்பர். முதல்முறை போகிறவர்கள் நான் பட்ட அலைச்சலைப் படக்கூடாது, அவ்வளவுதான்.

எந்த அணி, எந்த மைதானம்

இங்கே பந்தடியையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்கள் குறைவு. 2021 இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோதுதான் தொழில்முறை லீக் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. அந்தப் பத்தில் டிபெண்டர்ஸ் தரைப்படையின் அணி, சீ ஹோக்ஸ் கடற்படையின் அணி, புளூ ஈகிள்ஸ் விமானப்படையின் அணி. படைகளின் அணிகள் தங்கள் இடத்துக்குள்ளே பழகுகிற நாளில் நீங்களும் நானும் வாசலில் போய் நின்று பிரயோசனமில்லை, அவர்கள் வெளி மைதானத்துக்கு இறங்கும் நாளைப் பார்க்க வேண்டும். மற்றக் கழகங்களும் தேசிய அணியும் கொஞ்சம் சுலபம். தேசிய அணி சர்வதேசப் போட்டிகளுக்கு முன்னால்தான் ஒன்றுகூடும், உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நாட்கள் மார்ச், ஜூன், பிறகு செப்டெம்பர் தொடங்கி நவம்பர் வரை வரும். அந்தக் காலங்களை ஒட்டிக் காதைத் தீட்டி வைத்திருங்கள்.

கொழும்பில் என்றால் ரேஸ்கோர்ஸ், சுகததாச மைதானம், பெத்தகானவில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் இடம். வடக்கில் என்றால் யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கும் அரியாலை உதைபந்தாட்டப் பயிற்சி நிலையமும். வன்னிக்குள்ளேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வவுனியாவுக்கோ மன்னாருக்கோ வெளியிலிருந்து ஒரு பெரிய அணி விளையாட வந்தால் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் அந்த மைதானத்தில் ஒருக்கா இறங்கிப் புல்லையும் தரையையும் பார்த்து லேசாக ஓடிப் பழகும். போட்டிக்கு ரிக்கெட் எடுத்து நெரிசலில் நிற்கிற சனம் அந்தப் பின்னேரம் அங்கே இருக்காது. ஐம்பது பேர்கூட இல்லாத மைதானத்தில் வேலியோடு நின்று பார்க்கலாம்.

யாரிடம் விசாரிப்பது? மாவட்ட உதைபந்தாட்ட லீக்கின் செயலாளரிடம். அவரைத் தெரியாவிட்டால் உங்கள் கழகத் தலைவருக்குத் தெரிந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றுகிற போஸ்டரை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள், சில போஸ்டர்களில் வருடமே இருக்காது. 2023 ஜனவரியில் பீபா இலங்கையைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் திரும்பச் சேர்த்தது. அந்த இடைவெளியில்கூட யாரோ பழைய போஸ்டரை எடுத்துப் புதுசுபோலப் போட்டு, எங்கள் பொடியள் இரண்டு பேர் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டே விட்டார்கள்.

நான் ஒன்றும் பார்க்காமல் வந்த கதையும் இதுதான். பின்னேரம் நாலு மணிக்கு என்று மூன்று நாளைக்கு முதல் ஒருவர் சொன்னதை நம்பிப் போனேன். மழை வரும்போல் இருக்கிறதென்று கோச் காலையிலேயே பயிற்சியை முடித்துவிட்டார். மைதானத்தில் இரண்டு மாடு மட்டும் நின்றது. அதனால் முதல்நாள் இரவு ஒருக்கா, காலையில் பஸ் ஏற முதல் இன்னொருக்கா போன் போடுங்கள். அலுப்புக் கொடுக்கிறோமே என்று யோசிக்கத் தேவையில்லை.

எந்த நாளில் போவது

இதை நான் மூன்றாவது பயணத்தில்தான் விளங்கிக்கொண்டேன். எல்லா நாளும் ஒரே பயிற்சி இல்லை. போட்டிக்கு அடுத்தநாள் போனால், முழு நேரமும் ஆடியவர்கள் மெதுவாக இரண்டு சுற்று ஓடி, நீட்டி மடக்கிவிட்டு நிழலில் இருப்பார்கள், ஆடாமல் வாங்கிலில் இருந்தவர்கள்தான் வியர்க்க வியர்க்க வேலை செய்வார்கள். போட்டிக்கு முதல்நாள் போனால் நேரம் குறைவு, லேசான ஓட்டம், பிறகு கோர்னர் கிக், ஃப்ரீ கிக் ஒழுங்குகள், அதையும் சிலவேளை ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்வார்கள். சனிக்கிழமை போட்டி என்றால் புதனோ வியாழனோ போங்கள், உண்மையான உழைப்பு அன்றைக்குத்தான் நடக்கும். கிழமை முழுக்கத் தங்கிப் பழகும் முகாம் என்றால் இரண்டாம் மூன்றாம் நாள் நல்லது. முதல் நாளில் உடல் பரிசோதனை, அளவெடுப்பு என்று பாதி நேரம் போய்விடும்.

எங்கள் வெயிலுக்குப் பயிற்சி காலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கும், இல்லாவிட்டால் பின்னேரம் நாலுக்குப் பிறகு. கொழும்பில் காலைப் பயிற்சி என்றால் நமக்கு வசதிதான், இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. யாழ்ப்பாணத்தில் காலைப் பயிற்சி என்றால் வசதியில்லை, முதல்நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டிவரும்.

போய்ச் சேருவது

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றர் அளவு, வவுனியாவிலிருந்து 140 வரும். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்து ஆட்கள் ஏ35 வீதியால் பரந்தனுக்கு வந்து பஸ் மாற வேண்டும். 2014 ஒக்டோபரில் பழையபடி யாழ்ப்பாணம் மட்டும் ரயில் ஓடத் தொடங்கியதால் ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி ஆட்களுக்கு அதுவும் இருக்கிறது, ஆனால் நேரம் பயிற்சி நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வவுனியாப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முறிகண்டியில் எப்படியும் நிற்பாட்டுவார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் ஒரு பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மைதானத்தடியில் கடை இருக்கும் என்று நம்ப முடியாது. கோதைத் திரும்ப அதே பைக்குள் போடுங்கள். வீரர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் கச்சான் கோதைக் கொட்டி வைத்துப் பேச்சு வாங்கிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். (நான்தான்.)

அரியாலை ஏ9 வீதியில் யாழ் நகருக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும், கொண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். அரியாலையில் மைதானம் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். நாங்கள் ஓட்டோவில் ஏறி "பந்தடி கிரவுண்ட்" என்று மட்டும் சொன்னோம், அண்ணையும் சந்தோசமாக ஒரு கழகத்தின் மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினார், அங்கே சின்னப் பொடியள் கிரிக்கெட் அடித்துக்கொண்டு நின்றார்கள். "உதைபந்தாட்டப் பயிற்சி நிலையம்" என்று முழுப்பெயரையும் சொல்லுங்கள். திரும்பிப் போக கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேளுங்கள், முக்கியமாகப் பரந்தனில் மாறி உள்ளுக்குப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தனுக்கு வர இரவிலும் பஸ் கிடைக்கும், பரந்தனிலிருந்து உள்ளே போகத்தான் கிடைக்காது.

கையில் என்ன இருக்க வேண்டும்: அடையாள அட்டை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, ஒரு சின்னக் கொப்பி, பேனா. கையெழுத்து வாங்கும் எண்ணம் இருந்தால் அழியாத மை மார்க்கர் ஒன்று. சோளகக் காலம் என்றால் புழுதி கண்ணுக்குள் அடிக்கும், கண்ணாடி இருந்தால் போடுங்கள். மாரி என்றால் குடை வேண்டாம், மழைக்கோட்டுத்தான், குடை பின்னால் நிற்கிறவருக்கு மறைக்கும். கொண்டுபோகக் கூடாதவை: சொந்தப் பந்து, ஊதுகுழல், வெடி, ட்ரோன். நம்முடைய ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் பேசுவார், கோட்டடியில் நின்று அத்தனை பேரும் கோச்சாகிவிடுவோம். பயிற்சியில் அது எதுவும் கிடையாது. பந்தை உதைக்கும் சத்தமும் கோச்சின் குரலும்தான். முதல் பத்து நிமிடம் அந்த அமைதி எனக்கு ஒருமாதிரி இருந்தது, பிறகு அது இல்லாமல் பார்க்க முடியாது என்று ஆகிவிட்டது.

ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள்

வீரர்களின் பஸ் வர முதலே சாமான்களுக்குப் பொறுப்பானவர் வந்துவிடுவார். நாங்கள் போன அன்று ஒரு வயதான அண்ணை, வலைப்பையைக் கவிழ்த்துப் பந்துகளைக் கொட்டினார். ஒவ்வொன்றையும் இரண்டு பெருவிரலாலும் அழுத்தி, சந்தேகம் வந்ததை மட்டும் அளவுமானியில் குத்திப் பார்த்தார். விதிப்படி பந்துக்குள் காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை இருக்கலாம், பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். அந்த அண்ணைக்கு இந்த எண்கள் எல்லாம் விரலில் இருந்தது. பிறகு கோன்களை அடியளந்து வைத்தார், அணி பிரிக்கச் சட்டைக்கு மேலால் போடும் மேலங்கிகளை நிறம் நிறமாகப் பிரித்தார், கடைசியில் பந்துகளை எண்ணினார். இருபத்திரண்டு. ஏன் எண்ணுகிறார் என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கே நிற்பது என்று இப்போதே முடிவெடுங்கள். கோலுக்குப் பின்னால் நிற்காதீர்கள், அங்கேதான் பந்து வந்து மோதும், கோல்கீப்பருக்கும் கண்ணில் உறுத்தும். பின்னேரப் பயிற்சி என்றால் மேற்குப் பக்கக் கோட்டடியில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள், கோச்சின் குரல் உங்கள் பக்கம் வர வேண்டும். கொஞ்சம் மேடான இடம் கிடைத்தால் விடாதீர்கள். மதிலில் ஏறாதீர்கள், யாராவது விழுந்தால் அடுத்தமுறை எல்லோருக்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

யார் எவர் என்று கண்டுபிடிப்பது முதலில் கஷ்டம், பயிற்சிச் சட்டையில் முதுகில் பெயர் இருக்காது. பல அணிகளில் நெஞ்சிலோ காற்சட்டையிலோ சின்னதாக இலக்கமோ முதலெழுத்தோ அடித்திருப்பார்கள், அதைப் பிடியுங்கள். இல்லையென்றால் சப்பாத்தின் நிறம். "பச்சைச் சப்பாத்து", "ஒற்றைக் கால் மேசு மடிச்ச ஆள்" என்று கொப்பியில் எழுதி வைத்தால் போதும். சிலர் சட்டைக்குள் இறுக்கமாகக் கையில்லாத பெனியன் மாதிரி ஒன்று போட்டிருப்பார்கள், தோள்பட்டைகளுக்கு நடுவில் சின்னதாகப் புடைத்திருக்கும். அது ஜிபிஎஸ் கருவி. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் ஓடினார்கள் என்று பதிவு செய்யும். ஒரு போட்டியில் கோல்கீப்பர் தவிர்ந்த வீரர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுகிறார் என்று சொல்கிறார்களே, அதை இப்படித்தான் எடுக்கிறார்கள்.

என்னத்தைப் பார்க்கிறது

அம்மம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தொண்ணூறு நிமிடப் போட்டியில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது மொத்தமாக இரண்டு மூன்று நிமிடம்தான். மிச்ச நேரம் முழுக்க அவர் பந்து இல்லாமல்தான் விளையாடுகிறார். போட்டியில் நம்முடைய கண் பந்தோடு ஓடிவிடும், ரிவியிலும் கமரா பந்தோடு போய்விடும். ஒரு மனிதன் பந்து இல்லாமல் என்ன செய்கிறான் என்பதை ஆறுதலாகப் பார்க்கக் கிடைப்பது பயிற்சியில் மட்டும்தான். ஆகவே ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள். பத்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள், பந்து எங்கே போனாலும் சரி.

உடம்பைச் சூடாக்கியபிறகு வட்டமாக நிற்பார்கள், ஐந்து பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளே, வெளியில் நிற்கிறவர்கள் ஒரே தொடுகையில் பந்தை மாற்ற வேண்டும், உள்ளே நிற்கிறவர் பறித்துவிட்டால் இடம் மாற வேண்டும். ரொண்டோ என்பார்கள். சின்ன வயதில் ஒருவனை நடுவில் விட்டு ஓட வைத்தோமே, அதேதான். சிரிப்பும் பகிடியுமாகத்தான் இருக்கும், அதனால் விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்று நினைத்துச் சனம் போனை நோண்டத் தொடங்கும். அந்த நேரத்தில் கால்களைப் பாருங்கள். பந்து வர முதலே உடம்பு அரைவாசி திரும்பியிருக்கும், இரண்டு காலும் தரையில் அப்பியபடி நிற்கவே நிற்காது.

பிறகு சின்ன இடத்துக்குள் ஐந்துக்கு ஐந்து ஆட்டம். இரண்டு நிற மேலங்கிக்கு நடுவில் மூன்றாவது நிறத்தில் ஒருவர் நிற்பார், பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஆடுவார். நாங்கள் போன அன்று அப்படி நின்றவர் மஞ்சள் மேலங்கி. மருமகன் அவரைத்தான் எண்ணினான். பந்து கிடைக்க முதல் அவர் எத்தனை தடவை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறார் என்று. "மாமா, மூண்டு தரம். இப்ப நாலு." நான் பத்து வருடம் விளையாடினேன், ஒரு தடவையாவது அப்படித் திரும்பிப் பார்த்திருப்பேனா என்று யோசித்தேன். பின்னுக்கு நிற்கிறவன் கத்துவான் என்ற நம்பிக்கையில்தான் ஆடினோம். அதிகமாக நான்தான் கத்தினேன்.

கோச் அடிக்கடி விசில் அடித்து நிற்பாட்டுவார். அப்போது எல்லோரும் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்க, அவர் போய் ஒருவரைத் தோளில் பிடித்து இரண்டு அடி தள்ளி நிற்க வைப்பார். அந்த இரண்டு அடியை விளங்க முயற்சி செய்யுங்கள். பழைய இடத்தில் நின்றால் யார் மறைக்கப்படுகிறார், புது இடத்தில் நின்றால் யாருக்குப் பந்து போகும்? சரியாக விளங்காவிட்டால் கொப்பியில் புள்ளி வைத்துக் கீறி வையுங்கள், பஸ்ஸில் வரும்போது விளங்கும். எனக்கு இரண்டு விசயம் எழுதுமட்டுவாளில் விளங்கியது, ஒன்று இன்னும் விளங்கவில்லை.

கோல்கீப்பர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் மற்றவர்களுக்கு முதலே, தங்களுக்கென்று ஒரு கோச்சோடு, ஒரு மூலையில் தொடங்கிவிடுவார்கள். அங்கே கூட்டம் இருக்காது. நாங்கள் பத்து மீற்றர் தள்ளி நின்று பார்த்தோம். கோச் அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் முதல் அந்தக் கோல்கீப்பர் ஒரு சின்னத் துள்ளல் துள்ளினார், இரண்டங்குலம்தான் இருக்கும். கோச்சின் கால் பந்தில் படுகிற அதே கணத்தில் இவருடைய இரண்டு காலும் தரையில் படும். ஒரு கணம் முந்தினாலும் கோச் "இல்லை" என்று தலையாட்டிவிட்டுப் பந்தைப் பிடிக்கச் சொல்லாமலே அடுத்ததை எடுத்தார். பந்தைப் பிடித்தாரா விட்டாரா என்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம், அவ்வளவு பெரிய வாசலை ஒருவன் காப்பாற்றுவது அந்த இரண்டங்குலத் துள்ளலில் தொடங்குகிறது என்று நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மருமகன் என்னோடு கதைப்பதை நிற்பாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே துள்ளத் தொடங்கினான்.

கோர்னர், ஃப்ரீ கிக் பழகும்போது போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். யார் எங்கே ஓடுகிறார் என்பது அணியின் இரகசியம், நீங்கள் வீடியோ போட்டால் எதிரணி பார்க்கும். மற்ற நேரத்தில் படம் எடுக்கலாமா என்று பொறுப்பானவரிடம் ஒருக்காக் கேட்டுவிட்டால் பிரச்சினையில்லை. சர்வதேசப் போட்டிக்கு முந்திய பயிற்சி என்றால் பத்திரிகைக்காரருக்கே முதல் பதினைந்து நிமிடம்தான் திறந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு வெளியே போகச் சொன்னால் முகம் சுளிக்காமல் போங்கள்.

பந்து உங்கள் பக்கம் வந்தால் கையால் எடுத்து உருட்டிவிடுங்கள். உதைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். சப்பல் பறந்து போய் மைதானத்துக்குள் விழுந்த ஒருவரை இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

முடிந்த பிறகு

கடைசி விசிலோடு ஓடிப்போய் விழாதீர்கள். நீட்டி மடக்கி, தண்ணீர் குடித்து, கோச் இரண்டு வார்த்தை சொல்லி முடியட்டும். பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு ஓரமாக நின்றால் அவர்களே நிற்பார்கள். ஜேர்சியில் கையெழுத்து வாங்குவதென்றால் துணிக்கு அடியில் கொப்பி மட்டையை வையுங்கள், இல்லாவிட்டால் துணி இழுபட்டுக் கோணல் மாணலாக வரும். ஒருவருக்கு ஒரு பொருள் போதும். சட்டையைத் தாங்கோ, சப்பாத்தைத் தாங்கோ என்று கேட்காதீர்கள், அவர்களில் பலர் அந்தச் சப்பாத்தைத் தங்கள் காசில் வாங்கியிருப்பார்கள். காயப்பட்டு ஓரமாக இருக்கிறவரிடம் எப்போது விளையாடுவீர்கள் என்று கேட்பதும், கோச்சிடம் நம்முடைய பொடியனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதும் வேண்டவே வேண்டாம்.

பாஷை ஒரு தடையில்லை. தமிழ் பேசுகிற வீரர் ஒருவராவது இருப்பார். சிங்களத்தில் "போட்டோ எகக் கன்ன புளுவன்த?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். வெளிநாட்டில் பிறந்த நம்முடைய பிள்ளைகளும் இப்போது பெரிய இடங்களில் ஆடுகிறார்கள், வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி அணிக்காக ஆடியவர். அப்படிப்பட்ட ஒருவர் முகாமுக்கு வந்திருந்தால் அவருடைய தமிழ் உங்கள் காதுக்கு வேறுமாதிரிக் கேட்கும், அதற்காகச் சிரித்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று போன உடனேயே பாருங்கள், பூட்டித் திறப்பைக் கொண்டு போகிற பழக்கம் எல்லா மைதானத்திலும் இருக்கிறது.

எங்களுக்கு நடந்தது இது. வீரர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், சாமான் அண்ணை மட்டும் போகவில்லை. பந்தை எண்ணினார், இருபத்தொன்று. திரும்ப எண்ணினார். ஒரு பந்து குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் போல, முகமே மாறிவிட்டது. மருமகனுக்கு ஞாபகம் இருந்தது, கோல் அடித்துப் பழகும்போது ஒரு பந்து கோலுக்கு மேலால் வேலியைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் வடலிக்குள் புகுந்து கருக்கில் கையைக் கிழித்துக்கொண்டு எடுத்துவந்தோம். அண்ணை அவனுடைய தலையைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்குள் பார்த்து ஏதோ கத்த, கோல்கீப்பர்களின் கோச் இறங்கி வந்தார். இவன் கோல்கீப்பர் என்று நான் சொன்னேன். "ஜம்ப் பண்ணிக் காட்டு" என்றார். இவன் காட்டினான். "லேட்" என்றார். இன்னொருக்கா. "லேட்." மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டு ஏறிவிட்டார். கையெழுத்து வாங்க மறந்துவிட்டோம்.

அடுத்தநாள் பின்னேரம் விசுவமடு மைதானத்துக்குப் போனால், இவன் கோன் இல்லாத குறைக்குச் சிரட்டைகளைக் கவிழ்த்து அடியளந்து வைத்திருக்கிறான். வட்டத்துக்கு ஐந்து பேர், உள்ளே இரண்டு பேர். மேலங்கிக்குப் பதில் ஒரு பக்கம் சட்டையைக் கழற்றிவிட்டது. பந்து சிரட்டையில் பட்டு எங்கெங்கோ போகிறது, ஆனாலும் ஒருவரும் நிற்பாட்டவில்லை. நான் கோட்டடியில் நின்று வழக்கம்போல் கத்த வாயெடுத்துவிட்டு, பிறகு பேசாமல் நின்றேன்.

இரவு வீட்டுக்கு வந்தால் அம்மம்மா அடுப்படியில் தேடிக்கொண்டிருக்கிறார். "கடகத்துக்குள்ள கிடந்த சிரட்டை எல்லாம் எங்கயடா?"